நிக்காஹ் வீட்டில் ஆகன்

1. பாலத்தின் மேல்

பட்டுச்சேலை கட்டி, மடியில் கம்பியூட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டோவில் கல்லடிப் பாலத்தைக் கடந்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டார்: "மிஸ், இது கலியாணப் பரிசா?"

"இல்ல தம்பி. நாங்க ரெண்டு பேரும் கலியாணத்துக்குப் போறம்."

நளீம் சேரும் நானும் ஒரே துறையில் இரசாயனவியல் படிப்பித்தோம். ஆகன் போன்ற விழுமிய வாயுக்கள் இலகுவில் எதோடும் சேருவதில்லை. பெரிலியம் உள்ள ஒரு சிறு மூலக்கூறோடு ஆகன் ஒட்டி நிற்கும் என்று நாங்கள் கட்டுரை எழுதியிருந்தோம். எல்லாமே கம்பியூட்டர் கணிப்புத்தான், குடுவையில் செய்து பார்த்ததல்ல.

சஞ்சிகையின் நடுவர் ஒரு வரியில் எங்களைக் கவிழ்த்துவிட்டார். நாங்கள் கொடுத்த அமைப்பில் ஒரு அதிர்வெண்ணுக்கு மைனஸ் வருகிறதாம். மைனஸ் வந்தால் அந்த அமைப்பு பள்ளத்தில் இல்லை, மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம். மேட்டில் நிற்பது நிலைக்காது. அவர் சொன்னது சரிதான். எத்தனை தரம் திருப்பிச் செய்தாலும் எங்களுக்கும் அதே மைனஸ் வந்தது.

பதில் அனுப்பக் கடைசி நாள் அன்றுதான். அவகாசம் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாகிவிட்டது. கட்டுரையை நிராகரித்தால் கம்பியூட்டரை அலுவலக டைப்பிங்குக்கு எடுத்துவிடுவேன் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அன்று காலை பார்த்து ஆய்வறையில் கரண்டும் போனது.

நளீம் சேர் எனக்குப் போன் எடுத்தார். "மிஸ், நம்மட வீட்ட ஜெனரேட்டர் இரிக்கி. பெட்டியத் தூக்கிட்டு வாங்க."

"சேர், இண்டைக்கு உங்கட மகள்ட நிக்காஹ்."

"அதுக்குத்தானே ஜெனரேட்டர் எடுத்த."

2. மாடி அறை

காத்தான்குடியில் அவர் வீட்டு மாடி அறையில், பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் பெட்டியை அங்கிருந்த திரையோடு இணைத்தோம். சேரின் மனைவி மிஸ்ரியா கதவடியில் நின்று பார்த்தார்.

"மிஸ், இவருக்குத்தான் விசர். உங்களுக்குமா?"

"ஓம் தாத்தா, கொஞ்சம்," என்றேன். அந்தப் பக்கம் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மைனஸ் வந்த அதிர்வைத் திரையில் ஓட விட்டேன். மற்ற அணுக்கள் ஏறக்குறைய அசையாமல் நின்றன. நுனியில் இருந்த ஆகன் மட்டும் பக்கவாட்டில் ஆடியது.

"சேர், நாம இதை நேர்கோட்டில வச்சிரிக்கம். இது பக்கத்துக்குப் போகப் பாக்குது. கொஞ்சம் தள்ளி விட்டுப் பாப்பமா?"

"தள்ளினா கழண்டு போயிரும் மிஸ். நேரா நிண்டாத்தான் பிடி."

கீழேயிருந்து கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வந்துவிட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் மகளின் வாப்பா. நளீம் சேர் தொப்பியைச் சரிசெய்தார்.

"சரி, தள்ளுங்க. நான் மகளைக் குடுத்திட்டு வாறன்."

ஆகனைக் கோட்டை விட்டு இலேசாகத் தள்ளி வைத்து ஓட விட்டேன். ஆகனுக்கும் பெரிலியத்துக்கும் இடைத்தூரம் கூடிக்கொண்டே போனது. கழண்டுவிட்டது என்றே நினைத்தேன். கை தானாகத் தொதல் இனிப்புத் தட்டுக்குப் போனது. பிறகு இடைத்தூரம் குறையத் தொடங்கியது, குறைந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. வளைந்த அமைப்பு. உடனே அதிர்வெண்களைக் கணிக்க விட்டேன். அவை ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே பிளஸ்.

கத்த முடியாது, கீழே நிக்காஹ் நடக்கிறது. தொதல் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். சேருக்கு மெசேஜ் போட்டேன்: "வளைஞ்சு நிக்குது. விட்டுப் போகல்ல."

3. கீழே

நடந்ததைப் பிறகு சேர்தான் சொன்னார். நிக்காஹ் முடிந்ததும் போனைப் பார்த்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த புதுச் சம்பந்தி, ஏறாவூர்க்காரர், மெசேஜை எட்டிப் பார்த்திருக்கிறார்.

"யாரு சேர் விட்டுப் போகல்ல?"

"ஆகன்."

"ஆகனா? எந்தக் குடி?" தாய்வழி வம்சத்தைத்தான் கேட்டிருக்கிறார்.

"ஒரு குடியோடயும் சேராத ஆளு. இண்டைக்கித்தான் சேந்தாரு."

சம்பந்தி யோசித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ். அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்க," என்றாராம்.

சேர் படியில் ஓடி வந்தார். பின்னால் மிஸ்ரியாவும் வந்தார். திரையைப் பார்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மணப்பெண்ணே பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, நீங்க எனக்குத்தானே அழுத?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் மகள்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "முக்கால்வாசி."

சாப்பாட்டுக்கு முன் பதிலை அனுப்பினோம். நடுவர் ஏற்றுக்கொண்டார், கம்பியூட்டரும் எங்களிடமே இருந்தது.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மைனஸ் வந்தால் கணிப்பை அழித்துவிட்டு அதே இடத்தில் திரும்பத் தொடங்காதீர்கள். நாங்கள் அதைத்தான் கிழமைக்கணக்கில் செய்துகொண்டிருந்தோம். அந்த அதிர்வை ஓட விட்டு, அணு எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று பாருங்கள். போக விடுங்கள். அது போய் நிற்கிற இடம், நீங்கள் வரைந்து வைத்த இடத்தைவிட நல்லதாக இருக்கலாம்.