கெண்டைக்காலில் கட்டிய மூன்று கிலோ

போன ஞாயிற்றுக்கிழமை காலை மலேசியாவின் கூலாயில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் பெரிய திரை. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற குத்துச்சண்டைப் பட்டப் போட்டி நமக்கு ஞாயிறு காலைப் பசியாறலோடு வந்து சேரும். உலகம் உருண்டையாக இருப்பதால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன் நான். இப்போதெல்லாம் திரைக்கு முதுகு காட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்காருவேன். அன்று அந்த நாற்காலி கிடைக்கவில்லை.

சண்டை எட்டாவது சுற்றில் முடிந்தது. ஒரு எடைப் பிரிவு மேலே ஏறி வந்த குள்ளமானவர் தோற்றுப்போனார். பக்கத்து மேசையில் மூன்று இளைஞர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"எடை ரெண்டு பேருக்கும் ஒன்னுதானே லா? அப்புறம் என்னா சைஸு சைஸுன்னுட்டு?"

"டேய், எடை பார்த்தது நேத்து. இன்னிக்கு ரிங்குல ஏறும்போது அவன் ஆறு கிலோ கூடியிருப்பான். அவன் தோளப் பார்த்தியா? இந்த மேட்ச்சப் போட்டவன ஒதைக்கணும்."

மூன்றாமவன் முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க சொல்லுங்க. எடை ஒன்னா இருந்தா சைஸு முக்கியமா?"

சிரித்து மழுப்பிவிட்டு இன்னொரு தே தாரிக் சொன்னேன். வந்த தேநீரைக் குடிக்கவில்லை. அந்தத் தைல வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அது குணாவின் வாசனை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்கு எடைமேடைக் கிராணி வேலை. பழக்குலைகளை ஏற்றி வரும் லோரி மேடையில் ஏறி நிற்கும், எடை எழுதுவேன். கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடியும் எழுதுவேன். கேட்பதற்கு என்னமோ பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். உண்மையில் நாள் முழுக்கத் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. லோரிக்காரர்களுக்கு எடை கூட்டுகிற வித்தை ஆயிரம் தெரியும். குலைகளுக்கு அடியில் மணல் போடுவார்கள். தண்ணீர் பாய்ச்சி நனைப்பார்கள். ஏற்றி வரும்போது ஓட்டுநரும் கூட வந்தவரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். காலி வண்டி நிறுக்கும்போது மட்டும் இருவருக்கும் மூத்திரம் முட்டிக்கொண்டு வந்துவிடும். நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறுங்கண்ணே, ஏறுங்க, உங்களையும் சேர்த்துத்தான் போன தடவை நிறுத்தேன்" என்பேன். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று எனக்கு ஒரே கர்வம். எல்லோரும் என்னை 'தீம்பாங்' என்றுதான் கூப்பிட்டார்கள். மலாயில் நிறுப்பது என்று அர்த்தம். என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

குணா அதே ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். ஐம்பத்தெட்டு கிலோ. ஒரு பிடி கூடாது, குறையாது. வேலை முடிந்ததும் பட்டறைக்குப் பின்னால் பழைய லோரி டயரைத் தொங்கவிட்டுக் குத்துவான். நான்கு வருடம் அப்படிக் குத்தினான். கால் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் அவன் எடைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு ஆள் அமையவே இல்லை. ஒரே ஒரு முறைகூட மேடை ஏறாமல் நான்கு வருடம் தயாராகவே இருந்தான். பாவம், அதைச் சொல்லி நாங்களே அவனைக் கேலி செய்திருக்கிறோம்.

மூன்றாவது ஆள் ஆரோக்கியம் அண்ணன். சாஆ என்ற ஊரிலிருந்து வந்து லோரி ஓட்டியவர், எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஞாயிறு காலைகளில் பாய் தேநீர்க் கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் மூவரும்தான் நிரந்தர உறுப்பினர்கள். அண்ணனுக்கு மட்டும் ஒரு தொல்லை: சண்டையும் மாதா கோவில் பூசையும் ஒரே நேரம். வெள்ளைச் சட்டையோடு கோவிலுக்குப் போவார். நன்மை அப்பம் வாங்கினதும், சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுப்பதற்குள் பின்வாசல் வழியாக நழுவி, மோட்டார் சைக்கிளில் பறந்து வருவார். "எத்தினாவது ரவுண்டுடா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்குவார். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டால், "அவருக்குத் தெரியும்டா, இன்னிக்கு டைட்டில் பைட்டுன்னு" என்பார்.

அண்ணனின் கட்சி எப்போதும் பெரிய ஆளின் கட்சி. "லோரியும் மோட்டாரும் மோதினா எதுடா நொறுங்கும்?" இதுதான் அவருடைய ஒரே வாதம். என்னுடையது சின்ன ஆளின் கட்சி. கால் இருந்தால் போதும், அடிபடாதவனுக்கு எதிராளியின் எடை எதற்கு என்பேன். நான் ஒரு நாளும் கையுறை மாட்டியவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டு ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். கருத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அந்த வருடம் ஒரு பட்டச் சண்டையில் இரண்டு பிரிவு ஏறி வந்த சின்ன ஆள் ஜெயித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இரண்டு வாரம் அதே பேச்சு. "ஒன்னு ரெண்டு தடவ அப்படி நடக்கும்டா. அதுக்காக அதையே நம்பிறக் கூடாது" என்றார் அண்ணன். குணா நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்படிக் கேட்டதைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மூவாரில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மதியம், ஒரு சங்கம் குத்துச்சண்டை ஏற்பாடு செய்தது. குணாவின் எடைக்கு ஒருவன் கிடைத்தான். குணா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம்; கல்யாணத்துக்குப் பிறகு குத்துச்சண்டை என்ற பேச்சே கூடாது என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆக இதுதான் முதலும் கடைசியும். சண்டைக்கு முதல் நாள் அந்த ஆள் காய்ச்சல் என்று விலகிவிட்டான். மிச்சம் ஜோடி இல்லாமல் இருந்தவன் ஒருவன்தான்: மூவாரில் நாற்காலி மேசை செய்கிற தொழிற்சாலையில் பலகை தூக்குகிறவன், அறுபத்தாறு கிலோ. குணாவின் எடை குறைந்தது அறுபத்து மூன்று கிலோ இருந்தால்தான் அவனோடு ஜோடி சேர்ப்போம் என்று ஏற்பாட்டாளர்கள் தொலைபேசியில் சொன்னார்கள்.

குணா எடைமேடை அறைக்கு வந்து என் மேசையோரம் நின்றான். "அஞ்சு கிலோடா, தீம்பாங்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

யோசனை என்னுடையது. அவன் தலையில் அதை ஏற்ற மாட்டேன். இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு கிலோ. மீதி மூன்று கிலோவுக்குப் பட்டறையிலிருந்து போல்ட்டுகளை எடுத்து, இந்தக் காலுக்கு ஒன்றரை, அந்தக் காலுக்கு ஒன்றரை என்று மூட்டை நிறுக்கும் தராசில் கச்சிதமாகப் பார்த்து, கெண்டைக்காலில் துணி சுற்றிக் கட்டினேன். மேலே தொளதொளவென்று ஒரு நீளக் காற்சட்டை. இத்தனை வருடம் லோரிக்காரர்களிடம் பிடித்த வித்தையெல்லாம் என் கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் சொன்னதை இவன் மேடையில் நிரூபிப்பான் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், அவன் சண்டை போட வேண்டும் என்பதைவிட நான் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணன்தான் எங்களை வண்டியில் மூவாருக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கு விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தார். அவரிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. மண்டபத்து வாசலில் தராசை வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் உடுப்போடுதான் நிறுத்தார். முள் அறுபத்து மூன்றைத் தாண்டி நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னடா, குணா இவ்ளோ இருக்கானா?"

"கல்யாணச் சதைண்ணே" என்றேன்.

குணா சிரித்தான். பிறகு கழிப்பறைக்குப் போய்ப் போல்ட்டுகளை அவிழ்த்தோம். நான் அவற்றைப் பையில் போட்டு நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

மூலையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றவர் அண்ணன்; அதை உள்ளே வீசினால் சண்டை நின்றுவிடும். நான் வாளியோடு பக்கத்தில். முதல் சுற்றில் குணாவின் கால் பேசியது. ஒரு அடி படவில்லை. நான் அண்ணனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். இரண்டாவது சுற்றில் அந்த ஆள் குணாவைக் கயிற்றோரம் மடக்கிவிட்டான். இடப்பக்கக் கண்மேல் ஒன்று, அதே இடத்தில் இன்னொன்று. வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் வேறு. குணா விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் துண்டைச் சுருட்டிவிட்டார். "போதும்டா. வீசிறேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, வேணாண்ணே! எடை கிட்டக் கிட்டத்தானே? நீங்களே பார்த்தீங்கல்ல? தாங்குவாண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எடையைப் பற்றி நான் சொன்னால் அவர் நம்புவார். தீம்பாங் அல்லவா? துண்டு அவர் கையிலேயே இருந்தது.

மூன்று சுற்றும் நின்றான் குணா. புள்ளிக் கணக்கில் தோற்றான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஞாயிறு பாய் கடையில் அண்ணன் எல்லோர் முன்னிலையிலும், "சரிடா, ஒத்துக்கிறேன். சைஸுல ஒன்னும் இல்ல போல" என்றார். எனக்கு ஒரு தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று அது இனித்தது.

அதே மேசையில்தான் குணா குவளையை எடுக்கக் கை நீட்டி, குவளைக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பிடித்தான். "ஓரத்துல கொசு பறக்குற மாதிரி இருக்குடா. கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றான். நானும் சரி என்றேன். டாக்டரிடம் போனால் எப்படி அடிபட்டது, எதிராளி எவ்வளவு எடை என்றெல்லாம் கேட்பார்களே என்று பயம்.

கல்யாணத்தில் பெண் அவனுக்கு இடப்பக்கம் நின்றாள். அவளைப் பார்க்க அவன் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. "மாப்பிள்ளைக்குப் பொண்ணு மேலேர்ந்து கண்ண எடுக்கவே முடியல!" என்று கூட்டம் கிண்டல் செய்தது. படமெடுப்பவர் நேராகப் பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கல்யாணத்துக்குப் பிறகு ஜொகூர் பாருவில் டாக்டர் பார்த்தபோது, விழித்திரை கிழிந்து நாளாகிவிட்டது என்றார். இடது கண் போய்விட்டது. கொதிகலனில் முள் பார்க்கிற வேலையும் போய், ஆலை வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள்.

அண்ணன் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடியும்வரை கோவிலிலேயே இருந்தார். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடுவார். எப்போதாவது எடைமேடையில் வண்டியை நிறுத்தும்போது என் சன்னலுக்கு வருவார்.

"துண்டு என் கையிலதானடா இருந்துச்சு."

எத்தனை முறை சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்திருக்கிறேன். "விடுங்கண்ணே, விதி" என்றுதான் வந்தது. குணாவிடமும் ஒரு தடவை நேராகவே கேட்டாராம், எடை சரியாகத்தான் இருந்ததா என்று. "சரியாத்தாண்ணே இருந்துச்சு" என்றிருக்கிறான். எனக்காகச் சொன்னான்.

பாய் கடை இப்போது கைத்தொலைபேசி பழுது பார்க்கிற இடம். ஆலையை மூடிவிட்டார்கள், எடைமேடையைப் பெயர்த்து எடுத்த குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது. தீம்பாங் என்று கூப்பிட ஆளில்லை. ஆரோக்கியம் அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்னால் சாஆவில் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியில் அதே மாதிரி வெள்ளைச் சட்டை. சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கும்வரை அண்ணன் அசையாமல் கிடந்தார். குணா முன்னால் நின்றிருந்தான், தலை நரைத்து, அதே தைல வாசனையோடு. அவன் பக்கத்தில் போய் நின்றேன். என் காலடி ஓசையிலேயே தெரிந்துகொண்டான்.

"கடைசி வரைக்கும் அந்தத் துண்டப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாராம்டா" என்றான் மெதுவாக. "நீ அண்ணன்கிட்ட எடையப் பத்திச் சொல்லிட்டதானே?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

"அதுபோதும்" என்றான்.

நான் நின்றது அவனுடைய இடப்பக்கம். அவன் தலையைத் திருப்பவில்லை.