வலி போச்சா என்று கேட்ட ஆராய்ச்சி

யுத்த வருஷங்களில் தூத்துக்குடி நூற்பாலை ஒன்றின் பரிசோதனை அறையில் நான் அடைபட்டுக் கிடந்தேன். மிகையாகச் சொல்லவில்லை. நூலின் ஈரப்பதம் மாறக் கூடாதென்று ஜன்னல்களை ஆணியடித்தே மூடியிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் கடல். நான் உள்ளே வெந்துகொண்டு, நூலை அறுந்துபோகும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதிக்கொண்டிருப்பேன். யுத்தகாலச் சட்டப்படி மேனேஜர் கடிதம் தராமல் வேலையை விட முடியாது. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆராய்ச்சிப் பட்டம் மட்டும் வேண்டும் என்றார்கள். பட்டம் வந்தால் கடிதம் தருவதாக மேனேஜரும் ஒப்புக்கொண்டார். ஆக, நான் வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி பட்டத்துக்காக நான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரைதான்.

விளையாட்டில் சுளுக்கிய காலுக்குக் கட்டும் துணியைப் பற்றியது அது. சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த இழுபடும் கட்டுத்துணி, கப்பல் வராமல் நின்றுபோயிருந்தது. பருத்தி நூலுக்கு அளவு மீறி முறுக்கேற்றி நெய்து, நனைத்துச் சுருங்க வைத்தால் ரப்பர் இல்லாமலே துணி இழுபடும். துணி தயாராகிவிட்டது. சுளுக்கிய கால்கள்தான் பாக்கி.

எங்கள் மில்லின் கால்பந்துக் கோஷ்டி உப்பளத்துப் பக்கம் வெறுங்காலோடு ஆடும். அடிக்கடி யாருக்காவது கால் பிசகும். இருந்தும் முதலில் ஒருவரும் என்னிடம் வரவில்லை. பிறகு திடீரென்று ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். விஞ்ஞானத்தின்மேல் மரியாதை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அப்படி ஒரு மண்டு நான்.

கட்டுப் போட்டவர்களிடம் தினமும் காலையில் "வலி போச்சா?" என்று கேட்பேன். "போச்சு சார்" என்பார்கள். நோட்டில் வலிக்கான கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவேன். கணுக்காலை நாடாவால் அளக்கவும் செய்வேன். சிலருக்கு வீக்கம் வற்றவில்லை என்றது நாடா. துணி நாடாதானே, இந்த ஈரக் காற்றில் சுருங்கி அதிகம் காட்டுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் எழுதிவைத்தேன். துணி படித்தவனுக்குத் துணியின்மேல் பழி போடவா தெரியாது?

கோல் கீப்பராக ஆடியவன் நூற்புப் பகுதித் தொழிலாளி. கட்டுப் போட்ட மூன்றாம் நாள் "போச்சு" என்றான். நான்காம் நாள் ஆடப் போய், பாதி ஆட்டத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் கணுக்கால் எலும்பு முறிவு. முதல் நாளே முறிந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"வலியை மறைச்சுட்டு எதுக்கு ஆடினான்?" என்று அவனுடைய மேஸ்திரியிடம் எரிந்து விழுந்தேன். மேஸ்திரி என் சொந்த ஊரான உடன்குடிக்காரர்.

"நீங்க கால் முந்திப் பொறந்தவுகல்லா சார்? நாந்தான் பயலுவகிட்ட சொன்னேன், சார் தொட்டாச் சுளுக்கு ஓடிரும்னு. வழிச்சுவிடுதவுக போச்சான்னு கேட்டா, போச்சுன்னுதான சொல்லணும்? இல்லன்னா திரும்பி வந்திருமே" என்றார்.

பிறக்கும்போது என் கால்தான் முதலில் வெளியே வந்தது என்பது உண்மை. அப்படிப் பிறந்தவர்கள் சுளுக்கு வழித்தால் சரியாகும் என்பது ஊர் நம்பிக்கை. சிறு வயதில் என்னையும் கூப்பிடுவார்கள். காலால் நீவிவிட்டு நானும் "போச்சா?" என்று கேட்டிருக்கிறேன். இவ்வளவு படித்த பிறகு, ஆராய்ச்சிக்கும் அதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கோஷ்டி முழுவதும் முறைப்படி பதில் சொல்லியிருக்கிறது. என் நோட்டில் இருந்தது வலியின் கணக்கே இல்லை.

நோட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்த கீப்பரிடம், வலிக் கட்டங்களையெல்லாம் அடித்துவிடப் போகிறேன் என்றேன்.

"அடிச்சா உங்களுக்குப் பட்டம் வராதுல்லா?"

"வராது."

"அப்பம் மெட்ராஸுக்கும் போக முடியாது."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னைக்கு எனக்கு நெசமாவே வலிக்கல சார். ஆட்டத்துலதான் ஒடிஞ்சுது. அப்படியே எழுதிருங்க" என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. வலித்தவனே வலிக்கவில்லை என்கிறான், மறுக்க யார் இருக்கிறார்கள்? பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அவன் இன்னும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் சுளுக்கு வழிக்க வரல. உள்ளதைச் சொல்லு. முதல் நாள் எப்படி இருந்துச்சு?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க கட்டை இறுக்கும்போதே உசுரு போயிட்டு சார்."

அதை அப்படியே அவனுடைய கட்டத்தில் எழுதினேன். மற்றக் கட்டங்களை அவன் பார்க்கும்படியே அடித்தேன். யுத்தம் முடிந்த பிறகும் நான் அந்த மில்லில்தான் இருந்தேன்.