படத்துக்குக் கட்டிய பரிசப் புடவை

தோட்டத்தில் நாங்கள் என்ன உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனோம் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன். பழைய சேலையை முழங்கால் தெரியத் தூக்கிச் செருகிக்கொள்வோம். அதற்கு மேல் முழுக்கை வைத்த ஆம்பிளைச் சட்டை. தலையில் ஒரு கந்தைத் துணியைக் காது மறையச் சுற்றிக் கட்டுவோம். எல்லாம் கொசுவுக்காகத்தான். சட்டையின் முன்பக்கம் ரப்பர் பால் பட்டுப் பட்டுக் காய்ந்து, கழற்றி வைத்தால் மடங்காமல் விறைத்து நிற்கும். என் சட்டை, காய்ச்சலில் செத்துப்போன என் அப்பாவுடையது. தோள் எனக்குப் பெரிதாக இருக்கும், கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொள்வேன்.

மலாயாவில், லேடாங் மலையடிவாரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் இதுதான் உடை. இந்தக் கோலத்தில் எங்களை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

ரப்பர் விலை நன்றாக இருந்த காலம் அது. எனக்குப் பதினெட்டு வயது. அதே தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில், பக்கத்து டிவிசனில், பாலுக்கு மரம் சீவிக்கொண்டிருந்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். பரிசம் போட வந்தபோது அவருடைய அம்மா, எனக்கு அத்தையாகப் போகிறவர், ஒரு சிவப்புப் பட்டுப்புடவை கொண்டுவந்தார். தங்காக் டவுனில் துணிக்கடையில் அரைநாள் உட்கார்ந்து, கடைக்காரரை அலமாரி முழுவதையும் காலிசெய்ய வைத்து எடுத்ததாம். மஞ்சள் கரை, அந்தக் கரைக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. பரிசத்தன்று கொஞ்ச நேரம் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு அம்மா மடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கல்யாணத்துக்கு மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் மாமியார் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். அதுவரை அது வெளியே வரக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

ஒருநாள் ஸ்டோரில் பால் நிறுக்கிற நேரத்தில் துரையோடு அவருடைய விருந்தாளி ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர். மூன்று கால் வைத்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தார், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் நாம் நடப்பதும் திரும்புவதும் அப்படியே படமாகிவிடும் என்று கிராணி சொன்னார். எங்கள் பேர் பதிகிற, துரை சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொல்கிற ஆள் அவர். விருந்தாளி எங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கிராணியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“நாளைக்கு யாரும் இப்படி வரக்கூடாது,” என்றார் கிராணி எங்களிடம். “நம்ம உடுப்புல வரணும். நல்ல சேலை, பூவு, நகை. சட்டை போடாதீங்க, சட்டை நம்ம உடுப்பு இல்லியாம். சீமையில இருக்கிறவங்க பாக்கப் போறாங்க. நம்ம பாரம்பரியம் அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

இதைச் சொன்னவர் முழுக்கால் சட்டை, சப்பாத்து, தலையில் தொப்பி சகிதம் நின்றார். அவருடைய பாரம்பரியத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை ஒளிக்க நான் விரும்பவில்லை. மற்றப் பெண்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் சிலர் தீபாவளிச் சேலையில் வந்தார்கள், சிலர் வரவே இல்லை. எனக்கு ஆசை. காலையில் எழுந்தால் அப்பா சட்டை, சாயங்காலம் வந்தால் அதையே கொடியில் போடுவது, இப்படியே மூன்று வருடம் போயிருந்தது. ஒரு தடவையாவது பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. அம்மாவுக்குப் புல் வெட்டு வேலை, எனக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அவள் போனதும் சாவியை எடுத்துத் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

ஸ்டோருக்குப் பின்னால் சரிவான ஒரு ரப்பர் மர நிரையில் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விருந்தாளி கைதட்டினார். சிவப்பு நிறமும் கரையும் அவருக்குப் பிடித்துப்போயின. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். முதலில் மரம் சீவச் சொன்னார், சீவினேன். பிறகு பால் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்.

நான் கிராணியைப் பார்த்தேன். பாலை யாரும் தலையில் தூக்குவதில்லை. தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் இரண்டு வாளி, அதுதான் எங்கள் நடை. பால் வாளி தலையில் நிற்காது. தண்ணீர் மாதிரி இல்லை, அது ஆடினால் ஆடிக்கொண்டே இருக்கும்.

“ஐயா, தலையில யாரும் தூக்க மாட்டோம்னு சொல்லுங்க,” என்றேன்.

கிராணி சொன்னாரோ இல்லையோ தெரியாது. விருந்தாளி தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். எந்த ஊரோ, ஒரு பெண் தலையில் பித்தளைக் குடத்தோடு ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இது மாதிரி வேணுமாம்,” என்றார் கிராணி. “இந்தியப் பொம்பளைங்க இப்பிடித்தான் தூக்குவாங்களாம். தூக்கிட்டு நட. சிரிச்ச முகமா நட.”

துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் வாளியை ஏற்றினேன். பத்து அடி நடந்திருப்பேன். ஒரு வேர் காலைத் தட்டியது. வாளி சாய்ந்தது. பால் இடது தோளில் விழுந்து, மார்பு, இடுப்பு, கால் வரை வழிந்து ஓடியது.

நான் அப்படியே நின்றேன். விருந்தாளி கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. இன்னொரு கையால் வா, வா என்று காட்டினார். “சிரி, புள்ள, சிரி,” என்று கிராணி பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சிரித்தேன். என்ன செய்வது என்று தெரியாதபோது வருகிற சிரிப்பு அது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ரப்பர் பால் துணியில் பட்டால் போகாது. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். முதலில் வெள்ளை, மத்தியானம் மஞ்சள், மறுநாள் பழுப்பு, அந்த வாரத்துக்குள் கறுப்பு. நகத்தால் உரித்தால் பட்டு நூலும் சேர்ந்து வரும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். அது பாலை விட்டுவிட்டுச் சாயத்தைத் தின்றது. அம்மா என்னை அடிக்கவில்லை. மூன்று நாள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு சுரண்டினாள். நாலாம் நாள் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “தைக்குள்ள இதே மாதிரி ஒண்ணு எடுத்துரலாம். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது,” என்றாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் அந்தக் கூத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் வாயைத் திறந்திருந்தால் ஒரே நாளில் பக்கத்து டிவிசனுக்குப் போயிருக்கும். ஒருத்தியும் திறக்கவில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டிய நன்றியை நான் செய்யவே இல்லை.

ஐப்பசியில் படம் தயாராகி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோரின் சன்னல்களுக்கெல்லாம் சாக்கு தொங்கவிட்டு, மின்சார எஞ்சினிலிருந்து கம்பி இழுத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டினார்கள். எல்லா டிவிசன் ஆட்களையும் வரச் சொல்லி துரை உத்தரவு. “அந்தப் பால் கொட்டினதையுமா காட்டுவாங்க? வெட்டி எடுத்திருப்பாங்க,” என்று கிராணி அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்தோம். அத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் அந்தப் பக்கம் கூட்டாளிகளோடு இருந்தார்.

மலை வந்தது, ஆறு வந்தது, பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்கள் நல்ல உடையில் தயக்கத்தோடு நின்றார்கள். பிறகு இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. கிராணி எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்தார்: “தமிழ்ப் பெண், தன் அன்றாட உடையில்.”

அந்தத் தமிழ்ப் பெண் நான்தான். சிவப்பு அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. பால் மட்டும் வெள்ளையாகவே தெரிந்தது. வாளி சாய்ந்தது, பால் ஊற்றியது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்து வந்தேன். நாற்காலியில் இருந்த துரைமார் சிரித்தார்கள். கடைக்காரச் சீனர் சிரித்தார். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அத்தனை சிரிப்புக்கும் மேலே ஒரு சிரிப்பை நான் தனியாக அடையாளம் கண்டேன். மாரியம்மன் திருவிழாவில் இரண்டு தடவை கேட்டு, மனதுக்குள் வைத்திருந்த சிரிப்பு அது.

அத்தை சிரிக்கவில்லை. கரையில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரும் மகனும், கூட இரண்டு பெரியவர்களும் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். அம்மா அழுதாள், கெஞ்சினாள். நியாயம் பேசினால் அத்தை கெட்டவர் இல்லை. “பரிசப் புடவைய ஊரே பாத்துச் சிரிச்சாச்சு. அதைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வரக்கூடாது. அதே மாதிரி ஒண்ணு எடுத்து வையுங்க, தையில பாத்துக்கலாம்,” என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அம்மா கும்பிட்டாள். காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் வெற்றிலையை எடுத்தார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தேன். பேசி வைத்த பெண் அப்படிச் சபையில் வந்து நிற்கக்கூடாது.

எனக்குப் பேசியிருந்தவரைப் பார்த்து, “நீங்களும் சிரிச்சீங்களா?” என்று கேட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் தரையைப் பார்த்தார். “எல்லாரும் சிரிச்சாங்க,” என்றார்.

“நான்தான்னு தெரியாமயா?”

பொய் சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். “தெரியும்,” என்றார். “பக்கத்துல கூட்டாளிங்க எல்லாம் இருந்தாங்க. சிரிக்காட்டி, உன் பொண்டாட்டியாடான்னு கேட்டிருப்பாங்க.”

“அப்ப வேணாம்,” என்றேன்.

அத்தோடு முடிந்தது. பரிசத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா பெட்டியைத் திறந்து புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை பிரித்துப் பார்த்தார். தோளிலிருந்து கரை வரை ஒரு முழ அகலத்துக்குக் கறுத்து, கெட்டியாகிக் கிடந்தது. அவர் அரைநாள் உட்கார்ந்து எடுத்த புடவை. “இதை வச்சு நான் என்ன பண்ண?” என்று வாசற்படியிலேயே போட்டுவிட்டுப் போனார்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அத்தை மகன் சொன்னது உண்மை. உண்மை சொன்னதற்காக ஒரு மனிதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சட்டையை உடுப்பே இல்லை என்றவரையும், சிரி என்று சொன்னவரையும் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆத்திரம் முழுவதும் அவர் தலையில் இறங்கியது.

அதற்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பக்கத்து டிவிசனில் பாதிப் பேர் போனார்கள், அத்தையும் மகனும் அதில் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்களுக்குப் புதுச்சேலை என்கிற பேச்சே இல்லாமல் போனது. என் வேலைச் சேலை ஒட்டுப் போடக்கூட இடமில்லாமல் கிழிந்தது. பெட்டியில் கிடந்தது அந்தப் பட்டு ஒன்றுதான். அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். முழங்கால் தெரியத் தூக்கிச் செருகி, மேலே அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனேன். கறை சட்டைக்குள் பாதி மறைந்தது. மீதிக் கறையோடு புதுக் கறைகள் சேர்ந்துகொண்டன.

பேர் பதிந்துகொண்டு வந்த கிராணி என் முன்னால் நின்று கரையைப் பார்த்தார்.

“என்ன புள்ள, பட்டுக் கட்டிக்கிட்டா மரம் சீவ வந்திருக்க?” என்றார்.

“அன்றாட உடைன்னு நீங்கதானே ஐயா படிச்சீங்க,” என்றேன்.

அவர் என் பேரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். நான் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நிரைக்குள் போனேன். அந்தப் புடவை வேலைக்கு இரண்டு வருடம் தாங்கியது.