ஜப்பான் கேமும் இரும்புப் பெட்டியும்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் இருக்கும் என் வாடகை வீட்டுக்கு நாலைந்து பேர் வருவார்கள். எல்லோருக்கும் என்னைப் போலவே ஒரே பைத்தியம், பழைய ஜப்பான் வீடியோ கேம்கள். கண்டியிலிருந்து வருகிறவர் புதிதாகக் கிடைத்த கேசட்டைத் துணியில் சுற்றிப் பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவருவார். சிலர் கேசட்டின் வாயில் ஊதுவார்கள். ஊதாதீர்கள், ஈரம் பட்டால் செம்பு கறுத்துப்போகும் என்று நான் கத்துவேன். இரண்டு ஆட்டம் முடிந்து தேநீர் வந்ததும் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, "அந்தச் சின்ன வயசு இனி திரும்ப வராதுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வயசு வர வேண்டாம். வந்தால் வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்பேன்.

என் அலுமாரியின் நடுத்தட்டில், கேம்களுக்கெல்லாம் நடுவில், ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கிறது. வெறும் டிரான்ஸ்போர்மர். ஜப்பானில் கரண்ட் நூறு வோல்ட், நமக்கு இருநூற்று முப்பது. அங்கிருந்து வந்த சாமானை இந்தப் பெட்டி வழியாகத்தான் போட வேண்டும். நேரே சுவரில் செருகினால் எரிந்துபோகும். முதல் கேமை வாங்குவதற்கு முன்பே நான் இந்தப் பெட்டியைத்தான் வாங்கினேன். ஏன் இதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்கிறவர்களிடம் நான் சிரித்து மழுப்புவதுண்டு. இங்கே மழுப்பப் போவதில்லை.

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது, ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தோட்ட மனேஜரான துரையின் பங்களாவில் பூச்செடி பார்க்கிற வேலை. துரையின் மனைவியை நாங்கள் நோனா என்போம். அவருடைய அண்ணன் ஜப்பானில் இருந்தார். அவர் அனுப்பியதுதான் அந்தச் சிவப்பும் வெள்ளையுமான கேம். துரையின் மகன் கொழும்பில் படித்தான். லீவுக்கு வந்தால் விளையாட ஆள் இருக்காது. அதனால் பூச்செடிக்காரரின் மகளான நான் வரவழைக்கப்படுவேன். பின்வாசலில் கால் கழுவி, துடைத்து, விரிப்பில் படாமல் சிமெந்துத் தரையில் உட்கார வேண்டும்.

அந்தக் கேமுக்கு இரண்டு ரிமோட். இரண்டும் கயிற்றில் கட்டிய ஆடுகள்போல அதோடே ஒட்டியிருக்கும். முதல் ரிமோட்டில் ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் பட்டன் உண்டு. இரண்டாவதில் கிடையாது. ஒருநாள்கூட முதலாவது என் கைக்கு வந்ததில்லை. அவன் தொடங்கினால் தொடங்கும். அவன் தோற்கப்போகிறான் என்றால் நின்றுவிடும். நான் நன்றாக ஆடுவேன், அதனால் அடிக்கடி நின்றது. ஆத்திரமாக வரும். விழுங்கிக்கொள்வேன்.

ஆனால் இரண்டாவதில் ஒரு மைக் இருந்தது. அதில் பேசினால் டிவியில் கேட்கும். ஒருநாள் அவன் எழுந்துபோன நேரம் பார்த்து அதில் என் பெயரைக் கத்தினேன். பங்களா ஹோல் முழுக்க என் குரல் கேட்டது. வெளியே மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்பா ஜன்னலண்டை ஓடிவந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த பயத்தை நான் மறக்கவில்லை. "வாய மூடு புள்ள, வாய மூடு" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிவிக்குக் கீழே கறுப்பாக ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்டம் தொடங்குமுன் நோனா உள்ளேயிருந்து இங்கிலீஷில் ஏதோ கேட்பார். அதில் பாக்ஸ் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபடும். மகன் "யெஸ்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெட்டியின் சுவிட்சைத் தட்டுவான். அது வண்டுபோல ரீங்கரிக்கத் தொடங்கும். ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை அந்த அம்மா.

துரைக்கு மாற்றல் வந்தது. மகனுக்குப் புதிய கேம் வந்துவிட்டதால் பழையதை எனக்குத் தரச் சொன்னார் நோனா. வேலைக்காரப் பெண் எல்லாவற்றையும் அள்ளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். அப்பா அதைத் தலையில் தூக்கி வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி முதல் ரிமோட்டும் என்னுடையது!

வீட்டில் பிரித்துப் பார்த்தால் அடியில் அந்த இரும்புப் பெட்டி. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"நோனா கேமத்தானே சொன்னாங்க. இத சொல்லலையே."

"இது அதோட சேந்ததுப்பா. டிவிக்குக் கீழயே இருக்கும்."

"அவங்க வாயால சொன்னாதான் நம்மளது."

பங்களாச் சாமான் விஷயத்தில் எங்கள் லயத்துச் சட்டம் அதுதான். பெயர் சொல்லிக் கொடுத்தால் தானம், சொல்லாமல் வந்தால் களவு. முந்தின வருடம் ஒருவரின் சாக்கில் உடைந்த குழாய் ஒன்று இருந்ததைப் பங்களா கேட்டில் நின்ற வாச்சர் கண்டுபிடித்து, அவருக்கு வேலையும் போய் இருந்த காம்பராவும் போயிருந்தது. அப்பா தேநீர்கூடக் குடிக்காமல் இரும்புப் பெட்டியைத் துண்டில் சுற்றி மறுபடி பங்களா மேட்டில் ஏறினார். திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். நோனா அவரைப் பாராட்டினாராம். "நல்ல மனுசன் நீ, இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாராம். அதை அம்மாவிடம் ஒருமுறை, பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் ஒருமுறை, திரும்ப அம்மாவிடம் ஒருமுறை சொன்னார்.

தேடிக்கொண்டிருந்தவர், அது இல்லாமல் கேமைப் போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயமே எங்கள் வாசலில் கூடியது. நான் முதல் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா வயரைச் சுவரில் செருகினார். எங்கள் சின்ன டிவியில் ஒரு கோடுகூட வரவில்லை. கருகிய வாடை வந்தது, வயரின் தலைமாட்டிலிருந்து புகை வந்தது, பட்டென்று கரண்ட் போனது. எங்களுக்கு மட்டுமல்ல, லயத்தில் பாதிக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திட்டினார்கள். அப்பா திரும்பி என்னை அறைந்தார்.

"எதடி அமுக்கின?"

நான் எதையும் அமுக்கவில்லை. அமுக்க நேரமே இருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது இரண்டாவது அறையும் விழுந்தது. நோனா கொடுத்த சாமான் பழுதாக இருக்காது, ஆகவே பழுது நான்தான். அப்பாவின் கணக்கு அவ்வளவு சுலபம்.

செய்தி பங்களாவுக்குப் போய்விட்டது. நோனா விருந்தாளி ஒருவரிடம், "இந்த ஆக்களுக்கு நல்ல சாமான் குடுத்துப் பிரயோசனமில்ல, ரெண்டு நாள் தாங்காது" என்று சிரித்ததை அப்பா ரோஜாப் பாத்திக்குள் குனிந்தபடி கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அவர் நோனாவைக் கோபிக்கவில்லை. என்னைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைப்பதென்று முடிவு செய்தார்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். நூறு வோல்ட், இருநூற்று முப்பது வோல்ட் எல்லாம் விளக்கிச் சொன்னேன். அலுமாரியிலிருந்த பெட்டியை இறக்கி மடியிலேயே வைத்தேன். வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "நோனா மறந்திருப்பாங்கம்மா. பெரிய வீட்டுல ஆயிரம் சோலி" என்றார். அன்று அவர் அறைந்ததைக்கூட நான் மன்னித்துவிட்டேன். இந்தப் பேச்சைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போன அன்று பங்களாவின் பின்வாசலில் என்னை நிறுத்தினார்கள். உள்ளே சாமான்களைக் கட்டி அடுக்கியிருந்தார்கள். நோனா வாசற்படிக்கு வந்தார். பின்னால் மகன் வந்து நின்றான்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"சத்தமா சொல்லு" என்றார் அப்பா. என்னை வாயை மூடச் சொன்ன அதே அப்பா.

சத்தமாகச் சொன்னேன். நோனா சிரித்து, பரவாயில்லை என்று ஒரு டொபியைத் தந்தார். இரண்டு கையாலும் வாங்கி அதற்கும் நன்றி சொன்னேன். அப்போதுதான் அவருடைய சேலைக்குப் பக்கவாட்டில், சமையலறைத் தரையில், அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தேன். அதிலிருந்து போன வயர் மேசைமேல் இருந்த ஜப்பான் ரைஸ் குக்கருக்குப் போயிருந்தது. பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மகனும் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு உள்ளே போய்விட்டான்.

அவன் ஏன் அப்படிப் போனான் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பசித்தது. கையில் டொபியோடு, அந்தச் சோறு எவ்வளவு வாசமாக வேகிறது என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.