சகலை ஏறிய மலை

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் மாமனார் வீட்டில் சாப்பாடு. என் சகலையும் வந்திருந்தார். மாம்பலத்தில் புது வீடு கட்டிக்கொண்டு போனவர். இப்போது கொடைக்கானலுக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். வந்தவர் சும்மா வந்தாரா? சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர்!

இலை போட்டதிலிருந்து மலைதான். சாம்பார் சாதத்தில் ஏற ஆரம்பித்தவர், ரசம் வருவதற்குள் உச்சிக்குப் போய்விட்டார். அங்கிருந்து நாள் முழுவதும் மலை முகட்டின் மேலேயே நடையாம். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறு பக்கம் மேகம். கால் வைக்க இடமில்லாமல் ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாகக் காட்டுப் பூக்கள்...

நான் மட்டும் என்ன, மலையே ஏறாதவனா? பரங்கிமலை ஏறியிருக்கிறேன். ஆனால் அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

என்னோடு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மாமனார், மோர் ஊற்றிக்கொள்ளக்கூட மறந்து, "அப்புறம் மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். சமையலறை வாசலில் நின்ற என் மனைவியின் முகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை அவள் அப்படி வாய் பிளந்து கேட்டதில்லை.

அட்டை கடிக்கவில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். சகலை மப்ளரைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

சாயங்காலம் மந்தைவெளிக்கு நடந்து திரும்பும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள். சமையலறையில் அவள் அக்கா சொன்ன சமாசாரம்.

"அவா முகட்டுல நடக்கவே இல்லையாம். முதல் பூவைப் பாத்ததுமே அக்கா பறிக்க உக்காந்துட்டாளாம். வாசனையே இல்லாத பூதான், ஆனா விட மனசு வரலையாம். நாருக்கு எங்கே போறது? முந்தானை நூலை உருவித் தொடுத்துண்டே இருந்தாளாம். நிமிந்து பாத்தா மேகம் மூடிடுத்தாம். ரெண்டு பேரும் அப்படியே இறங்கிட்டாளாம்."

எனக்கு நடுத்தெருவில் குதிக்க வேண்டும் போலிருந்தது. நாங்கள் இன்னும் கோயில் குளத்தைத் தாண்டவில்லை... குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போய், மாமனார் காதில் போட்டுவிட்டு வந்தால் என்ன?

அந்தச் சந்தோஷத்தில், உன் அத்திம்பேர் அத்தனை நேரமும் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தாராம் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பக்கத்துலயே உக்காண்டு, அக்காவுக்கு ஒவ்வொரு பூவா எடுத்துக் குடுத்துண்டிருந்தாராம்... பொழுது சாயற வரைக்கும்" என்றாள். அதற்கப்புறம் வீடு வரும் வரை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

சகலை முகடு முழுவதையும் நடந்தே தீர்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பொறாமை வந்திருக்காது. கொடைக்கானல் என்ன பெரிய கொடைக்கானல்? டிக்கெட் வாங்கினால் நானும் போகலாம். கால் இருக்கிறது, ஏறலாம்.

ஒரு நாள் பூராவும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுக்க... அதற்கு எந்தக் காரணம் சொல்லி ஆபீஸில் லீவு கேட்பது?