ராஜா வேஷம் வாடகைக்கு

ராஜா டிரஸ்ஸை வாடகைக்கு விடுகிறவனுக்கு ராஜா மேல் பயபக்தி வராது. எந்த ராஜாவுக்கு எங்கே வியர்க்கும் என்று அவனுக்குத் தெரியும். வாடகைக் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

கடை பெங்களூர் நீலசந்திராவில். நாற்பது வருஷம். நாடக உடை, பள்ளிக்கூட மாறுவேட உடை, கிரீடம், வாள், ஒட்டு மீசை. தைப்பது நான். ஜரிகை வைப்பது, துவைப்பது, கறை எடுப்பது என் மனைவி சரோஜா. போன ஆனியில் அவள் போய்விட்டாள். இப்போது கறை கறையாகவே இருக்கிறது.

தசராதான் எங்களுக்கு சீசன். கர்நாடகத்துக்கு அது நாட்டு விழா. நாட ஹப்பா என்பார்கள். மைசூரில் அரண்மனை தர்பார். இங்கே பெங்களூரில் ஆபீஸ், பள்ளிக்கூடம், தெரு என்று ஆளுக்கொரு ராஜாவை உட்கார வைப்பார்கள். உட்காருகிற ராஜா முதல் நாள் என் கடையில் வந்து நிற்பார்.

சின்ன ராஜா

பொம்மசந்திராவில் ஏதோ கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் சேலத்துக்காரர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஆபீஸ் தசராவில் அவரை மகாராஜாவாக நிற்கச் சொல்லிவிட்டார்களாம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இவர் பெயர் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் மகாராஜா மாதிரி இல்லை. மருத்துவமனைச் சீட்டு எடுக்க வந்தவர் மாதிரி இருந்தார்.

வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்றேன். எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் சொன்னேன். அவர் வாளை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"எங்க ஊர்ல ஆயுத பூஜைக்குப் பொரி கடலை குடுத்து லீவு விட்டுருவாங்க சார். இங்க மாட்டேன்னா, தமிழ் ஆளு, நம்ம விழாவுக்கு நிக்க மாட்டேங்குறான்னு ஆயிடும். ரொம்பப் பளபளன்னு வேணாம், கொஞ்சம் சின்ன ராஜாவா இருந்தா குடுங்க."

லண்டன் ராஜா

சில வருஷம் முன்னால் லண்டனில் ஒரு ராஜாவுக்கு முடிசூட்டினார்களே, அந்த வாரம். கண்டோன்மென்ட் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா ஆட்டோவில் வந்தார். தமிழ்க் கிறிஸ்தவர். சர்ச் சிநேகிதிகள் நாலு பேர் அவர் வீட்டில் டிவியில் பார்க்கப் போகிறார்களாம். ஒரு கிரீடம் வேண்டும். லண்டன் மாடல் என்னிடம் ஏது? எமதர்மன் கிரீடம்தான் இருந்தது. கொம்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கிரீடம் திரும்பி வந்தது. உள்ளே பூரா முடி. சரோஜா அப்போது இருந்தாள். சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, யார் தலை முடி இது இவ்வளவு வெள்ளையாக என்று கேட்டாள். டீச்சரம்மா சங்கடப்பட்டார்.

"எங்கப்பா பட்டாளத்துல அந்த ராஜாவோட தாத்தா படத்துக்கு தினம் சல்யூட் அடிச்சவர், மாஸ்டர். கடைசியில பென்ஷனுக்கு நடந்தே செத்தார். டிவியில கிரீடம் வெக்கிற நேரம் எல்லாரும் எழுந்து நின்னோம், ஆனா இதை யாரும் தலையில வெச்சுக்க மாட்டேனுட்டாங்க. நாய்க்கு வெச்சோம்."

வரமாட்டேன்

எங்கள் தெருவிலும் ஒரு தர்பார் உண்டு. விஜயதசமியன்று டிராக்டரை ஜோடித்து, அதில் நாற்காலி போட்டு, ராஜாவை ஏற்றி ஊர்வலம். ராஜா எப்போதும் பசவராஜப்பாதான். ரிட்டயர்டு பஸ் டிரைவர். அவருக்கு மைசூர்ப் பேட்டா, அதாவது தலைப்பாகை, கட்டுவது நான். கட்டிவிட்டு டிராக்டருக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். அவிழ்ந்தால் சரி செய்ய.

வருஷா வருஷம் நான் வரமாட்டேன் என்பேன். இந்த ஊர் ராஜா எனக்கு என்ன சொந்தம்? ராஜாவே இல்லாத நாட்டில் டிராக்டர் மேல் எதற்கு ஒரு ராஜா? இப்படியெல்லாம் கத்துவேன். சரோஜா பேட்டாத் துணியின் ஒரு முனையை என் கையில் திணிப்பாள். மறுமுனை அவள் கையில். எட்டு முழம். லேசாக ஈரம் காட்டி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்துத்தான் மடிக்க முடியும். மடித்துக்கொண்டே சொல்வாள்.

"போகலேன்னா ஏன் வரலேன்னு நாலு பேர் கேப்பாங்க. போனா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. போயிட்டு வாங்க."

ஷட்டர்

ஒரு வருஷம் காவிரித் தண்ணீர்த் தகராறு. தசராவுக்குச் சில வாரம் இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு நானும் சரோஜாவும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெளியில் கோஷம் போனது, வந்தது. லைட் போடவில்லை. சுற்றிலும் ஹேங்கரில் பத்துப் பதினைந்து ராஜாக்கள் தொங்கினார்கள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

மத்தியானம் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரல் கேட்டது. பசவராஜப்பா. வெளியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னது பாசமா, கேலியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ஏனு மாஸ்டரே, பயந்துட்டியா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு பேட்டா யாருப்பா கட்றது?"

வேற ஆர்டர்

இந்த வருஷத்துக்கு வருகிறேன். சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. தமிழனும் கன்னடக்காரனும் எதில் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போவோம். கமிட்டி செக்ரட்டரி மஞ்சுநாத் நவராத்திரிக்கு முன்னால் வந்தார். படி ஏறவில்லை. வாசலிலேயே நின்றார். நான் வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். துக்க வீடு, உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம், அங்கி மட்டும் போதும், பேட்டா ஆன்லைனில் ரெடிமேடாக வாங்கிவிட்டோம் என்றார். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார். கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்கவில்லை.

அப்போது என் கையில் பேட்டாத் துணி இருந்தது. மறுமுனையை ஷட்டர் கைப்பிடியில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மூன்று தடவை மடித்தும் மடிப்பு நேராக வரவில்லை. மஞ்சுநாத் அதைப் பார்த்தார்.

"வேற ஆர்டரா அங்கிள்? நல்லது. இந்த மாதிரி நேரத்துல கை சும்மா இருக்கக் கூடாது."

ராஜா போகிறார்

விஜயதசமியன்று கடையைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிற்கக் கூடாது, துக்கக்காரன் எதிரில் வந்தான் என்று ஆகிவிடும். தமட்டை மேளம் நெருங்கியது. டிராக்டர் வந்தது. எங்கள் வாசலில் கொஞ்சம் வேகம் எடுத்தது போல் இருந்தது. பள்ளம் இல்லாத இடம் என்பதாலும் இருக்கலாம்.

பசவராஜப்பாவின் தலை பின்பக்கம் சரிவு. ரெடிமேட் நிற்காது. கட்டினவனுக்குத் தெரியும், வாங்கினவனுக்குத் தெரியாது. பாவம், வலது கையால் பேட்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது கையில் வாள். கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு தலையசைப்புக்கூட இல்லை. டிராக்டர் திரும்பிவிட்டது. நான் எழுந்து நின்றிருந்தது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் அங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். படி ஏறி உள்ளே வந்து, சரோஜாவின் ஜரிகை மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ சொன்னேன். குடித்தார். எழுந்தபோதுதான் சொன்னார்.

"நேத்து உன் வாசல்ல கையெடுத்துக் கும்பிடணும்னுதான் இருந்தேன், மாஸ்டரே. கையை எடுத்தா பேட்டா விழுந்துடும்."

அதை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு அடுத்த தசரா வரை நேரம் இருக்கிறது. சீசன் முடிந்துவிட்டதால் வேறு வேலையும் இல்லை.