மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை உடுப்பு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். எழுத எழுத வரி கீழே சரிந்துவிடுகிறது. பிழைகளைப் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள். இதை எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய வெள்ளை உடுப்பை நான் பத்தொன்பது நாள் அலமாரியில் நிறுத்திவைத்தேன். அதைச் சொல்வதற்குத்தான் இது.

மலையாள எல்லையில் இருக்கிற கஞ்சிக்கோட்டில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு இரும்புக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கோடவுன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனில் பார்த்துத் துணி வாங்குகிறார்கள். பல கடைக்காரர்கள் கடல் தாண்டி அனுப்புவதில்லை. அதனால் எங்கள் விலாசத்தைக் கொடுக்கிறார்கள். சேலையும் சுடிதாரும் பட்டுப்பாவாடையும் எங்களிடம் வந்து குவியும். நாங்கள் பிரித்து, விரித்து, போட்டோ எடுத்து வாங்கியவருக்கு அனுப்புவோம். அவர் பார்த்துச் சரி என்றால்தான் கட்டி விமானத்துக்கு அனுப்புவது. அந்தப் பக்கம் போய்விட்ட துணியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ஆகையால் எல்லாம் அந்தப் போட்டோவில்தான் இருக்கிறது.

ஒரு துணிக்கு ஐந்து படம். முன்பக்கம், பின்பக்கம், கழுத்தில் இருக்கிற லேபிள், உள்தையல், அளவுநாடா வைத்து ஒன்று. குறை இருந்தால் கிட்டத்தில் இன்னொன்று. குறை இல்லாததற்குப் பச்சை ஸ்டிக்கர். பச்சை ஒட்டிவிட்டால், வாங்கியவர் ஒரு நாளைக்குள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பார்சல் தானாகக் கிளம்பிவிடும். குறை இருந்தால் மஞ்சள். மஞ்சள் ஒட்டியது, வாங்கியவர் பதில் சொல்லும்வரை அலமாரியை விட்டு நகராது. ஸ்டிக்கர் ஒட்டுவது மேசையில் இருக்கிறவன் பொறுப்பு. மேசையில் இருந்தது நான்.

நான் ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். எஸ்டேட்டைப் பூட்டிய பிறகு ஒரு ஏலக்காய் ஸ்டோரில் பல வருடம் காய் பொறுக்கினேன். வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க வேண்டும். கஞ்சிக்கோட்டுக்கு மூட்டை இறக்கும் வேலைக்குத்தான் வந்தேன். ஒருநாள் மூட்டையோடு மேசையைத் தாண்டும்போது, விரித்திருந்த பட்டுச்சேலையில் ஒரு இழை இழுத்திருப்பதைப் பார்த்தேன். வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்டு விரலால் காட்டினேன். சூப்பர்வைசர் மூட்டையை இறக்கிவைக்கச் சொல்லி, மறுநாளே என்னை மேசையில் உட்காரவைத்தார். கெட்டிக்காரன் என்று ஒருவர் என்னைச் சொன்னது அப்போதுதான் முதல்முறை.

எனக்கு அடுத்த மேசையில் கொல்லங்கோட்டுப் பெண் ஒருத்தி. கல்லூரி வரை படித்தவள். பார்சலோடு வரும் சீட்டில் வாங்கியவர் ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால் அது இங்கிலீஷில் இருக்கும். எனக்கு அதில் எண்கள் மட்டும் புரியும். சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போவேன். படித்துச் சொல்வாள். அதோடு சும்மா விடமாட்டாள்.

"ஏனுங்ண்ணா, சேலையப் பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா? இந்தப் பார்வை பாத்தீங்கன்னா சேலையே வெக்கப்பட்டு மடிஞ்சுக்குமுங்க."

"போ தங்கச்சி, உனக்கு வேற வேலையில்ல" என்பேன். அதற்கு மேல் பேச எனக்கு வராது.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. வெளியே நல்ல மழை. காலையிலேயே நான் ஒரு பதிவில் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் மலையாளி, என்னைச் சேட்டன், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்; மோசமான ஆள் இல்லை. எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நம்ம சேட்டன்டெ கண்ணு எம்.ஏ. பாஸு. கையெழுத்து மட்டும் ஒண்ணாங்கிளாஸு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஒண்ணாங்கிளாஸுக்கு டீச்சர் நானுங்க, பீசே தர்றதில்ல" என்றாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு முகம் காந்தியது. குனிந்துகொண்டு அடுத்த பார்சலைப் பிரித்தேன்.

உள்ளே ஒரு வெள்ளைக் கவுன். எட்டு வயது அளவு. தலைக்கு வலைத்துணி, கைக்கு வெள்ளை உறை. கிறிஸ்தவ வீடுகளில் பிறந்தவர்களுக்குப் பார்த்ததும் தெரியும், அது புதுநன்மை உடுப்பு. பிள்ளைகள் கோவிலில் நற்கருணை அப்பத்தை, அதாவது நன்மையை, முதல்முறை வாங்கும் நாளில் போடுவது. விலாசம் அயர்லாந்து; நாட்டுப் பெயர்கள் மட்டும் எனக்குப் பார்த்துப் பழக்கம். கூட வந்த சீட்டில் மூன்று வரி இங்கிலீஷ் இருந்தது.

சீட்டைக் கையில் எடுத்தேன். அவள் மேசை நாலு எட்டு தூரம்தான். அங்கே இன்னும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. இப்போது போய் நின்றால் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் பேச்சு வரும். வேறு என்ன எழுதியிருக்கப் போகிறது, எல்லோரும் எழுதுவதுதானே, நிறம் பாருங்கள், அளவு பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சீட்டைக் கவுனுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

கவுனில் ஒரு குறை இருந்தது. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, ஏலக்காய்க்குள் இருக்கிற அரிசி அளவுக்கு ஒரு துருக்கறை. கடையில் குண்டூசி குத்திவைத்த இடமாக இருக்கும்.

எங்கள் எஸ்டேட் கோவிலில் புதுநன்மைக்கென்று நாலு கவுன்கள் ஒரு தகரப்பெட்டியில் இருக்கும். வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு வருடா வருடம் அதையே கொடுப்பார்கள். என் தங்கைக்கு வந்த கவுனில் நெஞ்சிலேயே துருக்கறை. வரிசையில் நின்றபோது பின்னால் இருந்த பையன்கள், "துருப்பிடிச்ச சம்மனசு, துருப்பிடிச்ச சம்மனசு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சம்மனசு என்றால் எங்கள் பேச்சில் தேவதூதர். அவள் நன்மை வாங்கும்போது இரண்டு கையாலும் அந்தக் கறையை மூடிக்கொண்டிருந்தாள். சாமியார் கையைக் கூப்பச் சொல்லி அதட்டினார். வீட்டுக்கு வரும்வரை அழுதாள்.

அந்த அயர்லாந்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக அது மட்டும்தான் என் மனதில் இருந்தது. கறைக்குப் பக்கத்தில் நாடாவை வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்தேன். மங்கலாக இருக்கிறதே என்று விளக்கை நகர்த்தி இன்னொன்றும் எடுத்தேன். மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

பதில் வரவில்லை. கம்ப்யூட்டர் தானாக நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கும் பதில் இல்லை. தினமும் காலையில் அந்த அலமாரியைப் பார்ப்பேன். பணம் கொடுத்து வாங்கிய துணியை இப்படி மறப்பார்களா என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நாள் அவள் தன் மேசையிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்ண்ணா, அந்த வெள்ளக் கவுனுக்குப் பதில் வந்திருச்சுங்க." சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன தங்கச்சி?"

"அந்தச் சீட்ட எடுத்துட்டு வாங்ண்ணா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் சீட்டைப் படித்தாள். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அடுத்த வாரம் சனிக்கிழமை ஃபாதர் அங்கேயே வந்து அவளுக்கு நன்மை கொடுக்கிறார். போட்டோ தேவையில்லை. ஏதாவது குறை இருந்தாலும் பரவாயில்லை, அதற்குள் வந்து சேர்ந்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பிறகு பதிலைப் படித்தாள். எழுதியிருந்தது அந்தப் பிள்ளையின் அம்மா. அவர் அங்கே நர்ஸாம். ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் எந்தச் செய்தியையும் திறந்து பார்க்கவில்லை, பார்சல் வழியில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எழுதியிருந்தார். மகள் சனிக்கிழமை ஆஸ்பத்திரி உடுப்பிலேயே நன்மை வாங்கினாள். அன்று காலையிலிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் பார்சல் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். உடுப்பு இனி வேண்டாம். அங்கே நன்மை வாங்கப்போகிற குழந்தை யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். போட்டோவில் அந்தக் கறையை இன்றுதான் பார்த்தேன், அது ஒன்றுமே இல்லை.

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இந்தச் சீட்ட எங்கிட்டக் காட்டலீங்களாண்ணா?"

"இல்ல."

"ஏனுங்?"

நான் சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

"ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா நானே எந்திரிச்சு வந்திருப்பனுங்களே..."

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சூப்பர்வைசர் வந்து என் தோளில் கைவைத்து, "சேட்டன் ரூல்படியல்லே செய்தது, தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அவருக்குச் சீட்டு விஷயம் தெரியாது. அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பச்சை ஒட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பியிருக்கும். அங்கே போய்ச்சேர நாலைந்து நாள். வியாழன், தவறினால் வெள்ளி. எத்தனை தடவை விரல் மடக்கிப் பார்த்தாலும் சனிக்கிழமைக்கு முன்னால்தான் வருகிறது.

கவுனை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் கறை மேல் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். அரைமணி நேரத்தில் கறை இருந்த இடமே தெரியவில்லை. என் மனைவி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்காங்க நிறுத்தி வச்சீங்க?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லையே, இது பாவத்தில் சேராது என்றார். பாவம் என்று சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

மறுவருடம் கோவிலில் புதுநன்மைப் பிள்ளைகளின் பெயரை வாசித்தபோது கவுன் இருக்கிறது என்று எழுந்து சொல்ல நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். இந்த வருடம் என் மனைவியே யாருக்கு வேண்டும் என்று கேட்டு வந்தாள். எங்கள் லைன் வீடுகளில் நாலாவது அறையில் ஜார்க்கண்டுக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்களும் கத்தோலிக்கர். மூத்த பெண்ணுக்கு எட்டு வயது. கவுனைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "புதிதா?" என்று அதன் அம்மா தெரிந்த மலையாளத்தில் கேட்டாள். ஆமாம், யாரும் போடாதது என்றேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூட உடுப்பின் மேலேயே அதை மாட்டிக்கொண்டு கதவோரம் வந்து நின்றது. ஊரில் இருக்கிற தாத்தாவுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன். என் போனில்தான் எடுத்தது. அவர்களுக்கு அனுப்பிய பிறகும் அது என்னிடம் இருந்தது.

திங்கட்கிழமை அதைக் கொல்லங்கோட்டுப் பெண்ணிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தம்மா கணக்கு இன்னும் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குதுங்ண்ணா. நீங்க சொல்லச் சொல்ல நானே எழுதறனுங்க. அனுப்பி உட்டரலாமுங்களா?"

நான் போனை வாங்கி மறுபடி பார்த்தேன். அவர் கேட்டபடி கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் படத்தைத் திறந்ததும் அந்த உடுப்புக்குள் வேறொரு பிள்ளையின் முகம் இருக்கும். அதைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கூடவே சீட்டைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினால் அது பொய்.

"வேண்டாம் தங்கச்சி" என்றேன். "என்ன எழுதச் சொல்லணும்னு எனக்கே இன்னும் தெரியல. முதல்ல நானா எழுதிப் பாக்குறேன்."

அப்படி எழுதிப் பார்த்ததுதான் இது. அவருக்கு அனுப்புவேனா என்று தெரியாது. எழுதி முடித்தது 2025 மே மாதம் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.